நியூட்ரல்ல இறக்கத்துல வராதீங்க: மலை ராலி போற வின்டேஜ் கார்காரங்களுக்கு ஒரு மெக்கானிக்கோட வேண்டுகோள்

இந்த வருஷத்துல இது மூணாவது வண்டி. கிளப்ல எல்லாரும் ராலி போட்டோ போட்டுட்டு இருக்கறப்ப இது ரெக்கவரி லாரில ஏறி என் ஷெட்டுக்கு வந்து நின்னுது. அம்பதுகளோட கார், குரோம் எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னுது, முன்னாடி இடது ஃபெண்டர் மட்டும் கசங்கி டயர்ல ஒட்டி கெடக்கு. இறக்கத்துல பிரேக் போனதும் ஓனர் மலைப் பக்கமா ஸ்டீயரிங்க ஒடிச்சு பாறைல ஒரசி நிறுத்திருக்காரு. அந்த நேரத்துல அவருக்கு அது தோணுச்சே, அந்தப் புண்ணியத்துல ரெண்டு பேர் உயிரோட இருக்காங்க.

"பிரேக் ஷூ போன மாசம்தான் நாலு வீலுக்கும் மாத்துனேன், எப்படி ஃபெயில் ஆகும்?"னு கேட்டாரு. பெடல மிதிச்சு பாத்தேன், கல்லு மாதிரி நிக்குது. "பாத்தீங்களா, பிரேக் நல்லாதான் இருக்கு"ன்னாரு. இங்கதான் எல்லாரும் ஏமாறாங்க. பிரேக் ஆயில் கொதிச்சு உள்ள ஆவி சேந்துட்டா பெடல் தரையத் தொடும், வண்டி ஆறுனதும் அந்த ஆவி மறுபடி தண்ணியாயிடும், பெடல் பழையபடி நிக்கும், எதுவுமே நடக்காத மாதிரி. ஆயில வெளிய விடற பிளீடர் நிப்பிள தெறந்தேன், வந்த ஆயில் கருப்பா இருக்கு, கடைசியா எப்ப மாத்துனீங்கன்னா அவருக்கே ஞாபகம் இல்ல. வீலோட சேந்து சுத்தற டிரம்ம, ஷூ உள்ளருந்து அழுத்தறது இதத்தான், கழட்டுனா உள்பக்கம் சுத்தி சூட்டுல நீலம் பாஞ்சிருக்கு, ஷூ மேல இருக்கற புது லைனிங் மேல நகத்த வச்சா கண்ணாடில வச்ச மாதிரி வழுக்குது.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும். டாட் 3ங்கற ரக ஆயில் புதுசா இருக்கறப்ப 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், தண்ணி சேந்த பிறகு 140 வரைக்கும் எறங்கிடலாம். டாட் 4 அதே மாதிரி 230ல இருந்து 155. வண்டி ஓடாம கவர் போட்டு நின்னாலும் ஈரம் ஏறத்தான் செய்யும். ஷூ புதுசுங்கறதால ஆயில் புதுசாயிடாதுங்க!

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். எப்படி எறங்குனீங்கன்னு கேட்டேன். "நியூட்ரல்ல போட்டு மெதுவா பிரேக் புடிச்சுட்டே வந்தேன், பாவம் பழைய எஞ்சின், அவ்வளவு ஏத்தம் ஏறுன பிறகு கொஞ்சம் ரெஸ்ட் குடுக்கலாம்னு"ன்னாரு. மூணு வண்டிலயும் இதே பதில்தான். யாரு இத முதல்ல சொல்லி வச்சாங்களோ தெரியல, கிளப்ல மூத்தவங்களே புதுசா வர்றவங்களுக்கு இத சொல்லித் தர்றத என் காதால கேட்டிருக்கேன்.

கொஞ்சம் கணக்கு போட்டு பாருங்க. ஒரு டன் வண்டி 500 மீட்டர் உயரம் எறங்குதுன்னா, அதுல வெளிய வர்ற சக்தி சுமார் 16 லிட்டர் தண்ணிய 30 டிகிரில இருந்து கொதிக்க வைக்கற அளவு. மெதுவா எறங்கறப்ப காத்து தடுக்கறதும் கம்மி. கியர்ல வந்தா அதுல பெரிய பங்க எஞ்சின் வாங்கிக்கும், நியூட்ரல்ல வந்தா கிட்டத்தட்ட மொத்தமும் நாலு டிரம்முக்குள்ள போகும். டிரம் சூடாகி விரிஞ்சு ஷூவ விட்டு வெலகும், லைனிங்கோட புடிப்பு கொறையும், ஆயில் கொதிக்கும், மூணும் ஒரே நேரத்துல. இதுல பழைய வண்டிங்க பெரும்பாலும் நாலு வீலுக்கும் ஒரே ஆயில் சர்க்யூட், பெடல் மிதிச்சா ஆயில தள்ளற மாஸ்டர் சிலிண்டர் விட்டா நாலு வீலும் போச்சு. ராடு பிரேக், கேபிள் பிரேக் வண்டிக்காரங்க எங்களுக்குதான் ஆயிலே இல்லையேன்னு நெனைக்காதீங்க, டிரம் விரியறதும் லைனிங் வழுக்கறதும் உங்களுக்கும் உண்டு.

எஞ்சினுக்கு ரெஸ்ட்ங்கறதும் தப்பு. இறக்கத்துல ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு கியர்ல வர்ற எஞ்சினுக்கு லோடே கெடையாது, வண்டிதான் அத சுத்த வைக்குது. பெட்ரோல் மிச்சம்னும் சொல்றாங்க, நியூட்ரல்ல ஐடிலிங் ஓடறதுக்கும் பெட்ரோல் வேணும்தானே, அப்படியே ரெண்டு சொட்டு மிச்சமானாலும் அதுக்காக உயிர வைக்கறதா? சில பேரு எஞ்சினையே ஆஃப் பண்ணிட்டு உருண்டு வர்றாங்க, அவங்கள எங்க பாத்தாலும் நிறுத்தி திட்டிருவேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

இன்னொன்னு, இதத்தான் யாரும் யோசிக்கறதில்ல. நியூட்ரல்ல வேகம் ஏறிடுச்சுன்னா திரும்ப கீழ் கியர் விழாது. கியர் பல்லுங்களோட வேகத்த தானா ஒத்துப் போக வைக்கற சிங்க்ரோமெஷ்ஷே 1928ல காடிலாக் கொண்டு வந்ததுதான், அதுக்கப்புறமும் ரொம்ப காலம் நெறைய வண்டில முதல் கியருக்கு அது கெடையாது. டபுள் டிகிளட்ச் பண்ணி, அதாவது கிளட்ச ரெண்டு தடவ மிதிச்சு, ஆக்சிலரேட்டர் குடுத்து வேகத்த ஒத்துப் போக வச்சாதான் பல்லு சேரும், பிரேக் போன பதட்டத்துல அத யாரால பண்ண முடியும்? கியர்பாக்ஸ் கரகரன்னு கத்தும், கை நடுங்கும், அவ்வளவுதான்.

அதனால எறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, உச்சிலயே, வண்டி மெதுவா இருக்கறப்பவே கியர போடுங்க. ஏறுறதுக்கு எந்த கியர் தேவைப்பட்டுச்சோ எறங்கவும் அதே கியர், செங்குத்தா இருந்தா ஒண்ணு கம்மி. முப்பதுகளுக்கு முந்தின வண்டி, பாபிட்ங்கற மெத்து உலோக பேரிங் இருக்கற எஞ்சினா இருந்தா ஆர்பிஎம் ஏற விடாதீங்க, அதுக்கு வழி நியூட்ரல் கெடையாது, இன்னும் சின்ன கியர் இன்னும் மெதுவா. பிரேக்க தேய்ச்சுட்டே வராம, கொண்டை ஊசிக்கு முன்னாடி நல்லா அழுத்திப் புடிச்சு வேகத்த கொறச்சுட்டு விட்டுருங்க, டிரம் ஆறட்டும். ஆக்சிலரேட்டர்ல கால எடுத்ததும் எஞ்சின வீல்ல இருந்து பிரிச்சு விடற ஃப்ரீவீல் இருக்கற வண்டி வச்சிருக்கவங்க மலை அடிவாரத்துலயே அத லாக் பண்ணிருங்க, இல்லன்னா நீங்க கியர்ல இருக்கறதா நெனைப்பீங்க, வண்டி நியூட்ரல்ல உருளும். போன தடவ ஒருத்தரு வண்டி வாங்கி நாலு வருஷம் கழிச்சு அப்படி ஒரு நாப் இருக்கறதையே என்கிட்ட கேட்டு தெரிஞ்சுக்கிட்டாரு. ஓவர்டிரைவ், அதாவது வேகமா போறதுக்கான கூடுதல் கியர், இருந்தா அதையும் ஆஃப் பண்ணிருங்க.

ராலிக்கு ஒரு வாரம் முன்னாடி பிரேக் ஆயில் முழுசா மாத்துங்க, சிலிகோன் டாட் 5 இருக்கற சிஸ்டத்துல வேற எதையும் கலக்காதீங்க. ஒவ்வொரு வீல்லயும் ஷூவ தள்ளற வீல் சிலிண்டரோட ரப்பர தூக்கிப் பாருங்க, கசிஞ்சிருந்தா சிலிண்டர் செட்டோட மாத்துங்க. டயர்ல பட்டன் நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க, பக்கவாட்டுல இருக்கற நாலு நம்பர பாருங்க, 2314ன்னா 2014ல 23வது வாரம், 10 வருஷம் தாண்டுனத நான் மலைக்கு விடமாட்டேன். பழைய லைனிங் தூசிய ஏர் அடிச்சு ஊதாதீங்க, அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், எங்க ஆளுங்க இத எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க.

ஏத்தத்துல ரேடியேட்டர் கொதிச்சா உடனே மூடிய தெறக்காதீங்க. ஓரமா நிறுத்தி, வீலுக்கு கட்டை வச்சு, பொனட்ட தெறந்து அரை மணி நேரம் காத்திருங்க. 2000 மீட்டர்ல தண்ணி 93 டிகிரிலயே கொதிக்கும், பிரஷர் மூடி இல்லாத வண்டிக்கு அதுதான் எல்லை. இறக்கத்துல சூடான டிரம் மேல தண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விட்டுரும். சூடா இருக்கறப்ப ஹேண்ட் பிரேக்கையும் இறுக்கிப் போடாதீங்க, கட்டை வைங்க, கட்டை வண்டிலயே இருக்கணும், ரோட்டோரம் கல்லு தேடிட்டு நிக்கக் கூடாது.

கிளப் நடத்துறவங்ககிட்ட கையெடுத்து கும்புடறேன், உச்சில ஒரு பத்து நிமிஷம் கட்டாயம் நிறுத்த வைங்க. ஒவ்வொரு வண்டியா போயி பெடல மிதிக்க சொல்லுங்க, எந்த கியர்ல எறங்கப் போறீங்கன்னு வாயத் தெறந்து கேளுங்க. முன்னாடி போறவன புடிக்கணும்னு எவனும் ஓட்டாதபடி இறக்கத்துக்கு மட்டும் நேரக் கணக்கே வேணாம்னு விட்டுருங்க. பின்னாடி வர்ற இந்தக் கால வண்டிக்கு வழி விட நிக்கறது அவமானம் இல்லன்னு அங்கயே சொல்லிடுங்க.

அந்த ஓனரோட மனைவியும் ஷெட்டுக்கு வந்திருந்தாங்க. டிரம்ம மேஜைல வச்சதும் கிட்ட வந்து மோந்து பாத்தாங்க. "இதே வாசனதான், நாலு வளைவு முன்னாடியே வந்துச்சு, சொன்னேன், பழைய வண்டின்னா அப்படித்தான் வரும்னு சொன்னாரு"ன்னாங்க. நாலு வளைவு, அங்க நிறுத்திருந்தா ஃபெண்டர் கூட போயிருக்காது. பக்கத்து சீட்டுல உக்காந்து வர்றவங்களே, உங்களுக்கு கியர் தெரிய வேணாம், கார் பத்தி ஒண்ணுமே தெரிய வேணாம். தீயற மாதிரி வாசன வந்தா நிறுத்துங்கன்னு சொல்லுங்க. கேக்கலன்னா சத்தம் போட்டு சொல்லுங்க.