எடையற்ற உடலில் ஆற்றல் குறைவது ஏன்?

பன்னாட்டு விண்வெளி நிலையம் தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவருகிறது. அங்கே புவியீர்ப்பு மறைந்துவிடுவதில்லை. தரையில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு. நிலையமும் அதனுள் இருப்பவர்களும் ஒன்றாகவே பூமியை நோக்கி இடைவிடாது விழுந்துகொண்டிருப்பதால்தான் எடை உணரப்படுவதில்லை.

அதன் விளைவு முதலில் தெரிவது கால் தசையில். நிற்கும்போது உடலைத் தாங்கும் கெண்டைக்கால் தசையில், களைப்பில்லாமல் நெடுநேரம் உழைக்கும் மெதுவான இழைகள் மிகுதி. அவற்றில், செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவும் அடர்த்தியாக இருக்கும். சுமை நீங்கியதும் இந்தத் தசை மெலிவதோடு, அதன் இழைகளில் ஒரு பகுதி விரைவாகச் சுருங்கி விரைவாகக் களைக்கும் வகையை நோக்கி மாறுகிறது. அவ்வகை இழைகள் ஆக்சிஜன் தேவைப்படாத குளுக்கோஸ் சிதைவையே பெரிதும் நம்பியிருப்பவை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து அந்த வழியில் கிடைப்பது, செல் ஆற்றலாகச் செலவிடும் மூலக்கூறான ஏடிபி 2 மட்டுமே. மைட்டோகாண்ட்ரியா வழியாகவோ ஏறக்குறைய 30 கிடைக்கும்.

இவ்வளவு வேறுபாடு ஏன் என்றால், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உணவிலிருந்து பெறப்பட்ட எலக்ட்ரான்கள் புரதத்திலிருந்து புரதத்துக்குக் கைமாறி இறுதியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்த ஓட்டம் புரோட்டான்களைச் சவ்வின் மறுபுறம் தேக்கிவைக்க, அணையில் தேங்கிய நீர் சுழலியைச் சுழற்றுவதுபோல, அவை திரும்பிப் பாயும் விசையில் ஏடிபி சிந்தேஸ் என்னும் புரதம் சுழன்று ஏடிபியை உருவாக்குகிறது. கைமாறும் வழியில் சில எலக்ட்ரான்கள் கசிந்து ஆக்சிஜனோடு சேர, செல்லைச் சேதப்படுத்தக்கூடிய மூலக்கூறுகள் உருவாகின்றன. ஆரோக்கியமான செல் இந்தக் கசிவைச் சமாளித்துக்கொள்கிறது. கதிர்வீச்சு அதிகமானால் சேதமும் கூடுகிறது.

விண்வெளி வீரர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உடற்பயிற்சிக்கு ஒதுக்குவதால் தசை இழப்பு பெருமளவு கட்டுப்படுகிறது. சுமை இல்லாததே முழுக் காரணம் என்றால் விடை அத்துடன் கிடைத்திருக்கும். ஆனால் 2011இல் அட்லாண்டிஸ் விண்கலத்தில் சுமார் 13 நாள் பறந்து திரும்பிய எலிகளின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருந்தது. கல்லீரல் எந்தச் சுமையையும் தூக்கும் உறுப்பன்று. என்னைப் பொறுத்தவரை, இந்தத் துறையில் மிகவும் சிந்திக்க வைக்கும் செய்தி இதுதான்.

2020 நவம்பரில் வெளியான ஒரு விரிவான ஆய்வு, விண்வெளிக்குச் சென்ற எலிகளின் உறுப்புகளையும் மனிதச் செல்களையும், 59 விண்வெளி வீரர்களின் ரத்த, சிறுநீர் அளவீடுகளையும் ஒன்றுசேர்த்து நோக்கியது. வெவ்வேறு திசுக்களில் காணப்பட்ட மாற்றங்களுக்கு நடுவே பொதுவாக நின்றது மைட்டோகாண்ட்ரியாவின் சீர்குலைவே. 340 நாள் நிலையத்தில் வாழ்ந்த அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லியின் ரத்தத்திலும், செல்லுக்கு வெளியே மிதக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் பங்கு பயணக் காலத்தில் உயர்ந்திருந்தது. இந்த டிஎன்ஏ பாக்டீரியாவின் டிஎன்ஏவை ஒத்திருப்பதால், நோய் எதிர்ப்பு அமைப்பு இதை ஆபத்தாகக் கொண்டு அழற்சியைத் தூண்டக்கூடும். அப்படியானால் ஆற்றல் குறையும் உடல், அழற்சிக்கும் ஆற்றலைச் செலவிட நேர்கிறது.

இவை யாவும் பூமியின் காந்தப்புலம் அண்டக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுக்கும் உயரத்தில் பெற்ற அளவீடுகள். அந்தக் காப்பைத் தாண்டி நிலவுக்குச் சென்ற அப்போலோ 17 குழுவினரின் பயணம் மொத்தமே 12 நாட்களைச் சற்றுத்தான் தாண்டியது. செவ்வாய்க்குச் செல்ல ஒரு வழிக்கே ஆறு மாதங்களுக்கு மேல் ஆகும்.