சைக்கோபாத்: உணர்ச்சி உண்டு, ஈரம்தான் இல்லை

கொலைச் செய்தி வந்தால் தலைப்பில் ‘சைக்கோ’, உள்ளே ‘மனநோயாளி’. இதைத் திருத்துவதாக நினைப்பவர்கள் ‘சைக்கோபாத்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இப்போது ‘உணர்ச்சியற்றவர்’ என்று எழுதுகிறார்கள். மூன்றுமே பிழை. மூன்றாவது பார்வைக்குச் சரிபோலத் தெரிவதால் வேகமாகப் பரவுகிறது.

வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் சைக்கே என்றால் உயிர், உள்ளம். பாதோஸ் என்றால் நோவு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசிய மருத்துவர்கள் இரண்டையும் ஒட்டிப் பலவகை மனக்கோளாறுக்கும் பொதுப்பெயராக வைத்தார்கள். வசீகரமாகப் பேசி வஞ்சிக்கும், பிறர் நோவு உறைக்காத ஆளுமை என்ற இன்றைய குறுகிய பொருளுக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்க மருத்துவர் ஹெர்வி கிளெக்லி, 1941இல். பின்னர் கனடாவின் உளவியலாளர் ராபர்ட் ஹேர் 20 கூறுகள் கொண்ட மதிப்பீட்டை வகுத்தார். கூறு ஒன்றுக்கு 0, 1 அல்லது 2; மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30ஐ எட்டினால் சைக்கோபாத்.

‘மனநோயாளி’ ஏன் ஆகாது? அது சைக்கோசிஸோடு குழப்பிக்கொண்டதால் வந்த வினை. சைக்கோசிஸில் இல்லாத குரல் கேட்கும், நடக்காததை நடந்ததாக மனம் உறுதியாக நம்பும். சைக்கோபாத்துக்கு நடப்பது நன்றாகவே தெரியும். செய்வது தவறென்றும் தெரியும். பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ காதில் குரல் கேட்கிறது என்று அல்லாடும் பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக அம்மா தயங்குகிறாள் என்றால், அந்தத் தயக்கத்தில் இந்தத் தலைப்புகளுக்கும் பங்குண்டு. கொலைகாரனுக்கு வைத்த பெயரை அவள் பிள்ளைக்கும் வைத்துவிட்டோமே.

‘சமூக விரோத ஆளுமை’ என்று எழுதலாமா? அது வேறொரு நோயறிதல். அது பெரும்பாலும் செயலைப் பார்த்துத் தருவது. சிறையில் அந்த வரையறைக்குள் வருவோர் பலர். அவர்களில் சைக்கோபாத் சிலரே. போதாக்குறைக்கு, ‘சமூக விரோதி’ என்பது நம் ஊரில் காவல்துறைச் சொல்லாகிவிட்டது.

இனி ‘உணர்ச்சியற்றவர்’. தொல்காப்பியம் மெய்ப்பாட்டை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சியை, எட்டாக எண்ணுகிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்தாலே மொழிபெயர்ப்பாளர்கள் இந்தச் சொல்லைக் கைவிட்டிருப்பார்கள். சைக்கோபாத்துக்கு வெகுளி உண்டு, சட்டென்று மூளும். பெருமிதம் தேவைக்கு மேலேயே உண்டு. நகையும் உவகையும் உண்டு, சலிப்பு தாங்காது. மங்கிக் கிடப்பது குறிப்பாக அச்சம். பிறர் முகத்தில் தெரியும் அச்சத்தையும் துயரத்தையும் இனங்காண்பதிலும் அவர்கள் பின்தங்குகிறார்கள்.

1957இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் லைக்கன் ஒரு சோதனை வைத்தார். நெம்புகோல்களைச் சரியான வரிசையில் அழுத்தி ஒரு புதிரைக் கடக்க வேண்டும். சில தவறான அழுத்தலுக்கு மின்னதிர்ச்சி. புதிரைக் கற்பதில் சைக்கோபாத்துகள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களில்லை. அதிர்ச்சி தரும் நெம்புகோலைத் தவிர்க்கத்தான் அவ்வளவாகக் கற்கவில்லை. அதிர்ச்சியோடு இணைத்துப் பழக்கிய ஒலி கேட்டபோதும் அவர்கள் தோலில் வியர்வையின் அறிகுறி குறைவாகவே இருந்தது. அறிவு வேலை செய்தது, அச்சம் எட்டிப்பார்க்கவில்லை.

சொல்லிலும் இப்படித்தான். திரையில் தோன்றுவது உண்மையான சொல்லா வெற்று எழுத்துக்கோவையா என்று சொல்லச் சொன்னால், உணர்ச்சி ஏறிய சொற்களைப் பிறர் சற்று விரைவாக இனங்காண்பார்கள். ஹேர் குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில் சைக்கோபாத்துகளிடம் அந்த வேகம் இல்லை. ‘அம்மா’ என்றாலும் ‘மேசை’ என்றாலும் ஒன்றுதான் என்று இதை விளக்கலாம்.

இருந்தும் கதவு முழுக்க அடைபட்டதில்லை. நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், கைகள் தடவுவதையும் அடிப்பதையும் காட்டும் காணொளியைச் சும்மா பார்க்கச் சொன்னபோது அவர்கள் மூளையில் எதிரொலி குறைந்திருந்தது. ‘அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று உணர்ந்து பாருங்கள்’ என்றதும் இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. தானாக ஊறாதது கேட்டால் ஓரளவு ஊறுகிறது. ‘அற்றவர்’ என்று முடித்துவிட்டால் இந்தச் செய்திக்கே இடமில்லாமல் போகிறது.

சரியான சொல் நம் கொல்லையிலேயே இருக்கிறது: ஈரம். தருமபுரி, கிருஷ்ணகிரி மானாவாரி நிலத்தில் கேழ்வரகோ சாமையோ விதைக்கும் முன் மண்ணில் பார்ப்பதும் ஈரம். ‘நெஞ்சுல ஈரமே இல்லாதவன்’ என்று வையும்போது சொல்வதும் ஈரம். குறள் 91, இன்சொல் என்பது ஈரம் கலந்ததாகவும் படிறு இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. படிறு என்றால் வஞ்சனை. ஹேரின் பட்டியலைப் புரட்டுங்கள்: மேம்போக்கான வசீகரப் பேச்சு, தீராப் பொய், பிறர் நோவு உறைக்காமை. இன்சொல் இருக்கிறது, படிறும் இருக்கிறது, ஈரம் மட்டும் இல்லை. குறள் சேர்த்து வைத்த இன்சொல்லும் ஈரமும் இங்கே பிரிந்து நிற்கின்றன.

அறிவிலி என்பதுபோல ‘ஈரமிலி ஆளுமை’ என்று நிலைக்குப் பெயரிடலாம். ‘இலி’ என்பதும் இன்மைதானே என்று கேட்கலாம். ஆனால் காய்ந்த மண் ஈரத்தை ஏற்கக்கூடியது, எந்த அளவுக்கு என்பது மண்ணைப் பொறுத்தது. அச்சக் குறைவை இந்தச் சொல் நேராகச் சுட்டவில்லை என்பது நியாயமான குறை. அதை விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பொய்யான சொல்லைவிடக் குறைபட்ட சொல் மேல்.

மொழிபெயர்ப்பவர்கள் முதலில் மூலத்தில் இருப்பது சைக்கோசிஸா சைக்கோபதியா என்று பார்க்கட்டும். சைக்கோசிஸ் என்றால் மனப்பிறழ்வு. பயிற்சி பெற்றவர் நேர்காணலும் பழைய ஆவணங்களும் பார்த்து மதிப்பிடாத ஆளுக்கு இரண்டு சொல்லும் வேண்டாம். அவர் செய்ததை எழுதினால் போதும்.