வண்டி நகருமா, ஆள் நடப்பாரா?

சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸ் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். வண்டி செய்வதில் உள்ள இரண்டு முறைகளும் கண்ணெதிரே போகும்.

முதலில், ஓசூரிலிருந்து தொப்பூர் இறக்கம் இறங்கி வரும் மொட்டைச் சேஸிஸ். எஞ்சின், சட்டம், சக்கரம், ஸ்டீயரிங், அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது. டிரைவர் தலையில் துண்டைச் சுற்றிக் கட்டி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். (இப்போது கேபினோடு வருகிற வண்டிகள் கூடிவிட்டன. ஆனாலும் இந்தக் காட்சி இன்னும் மறையவில்லை.) அந்த வண்டி பாடி கட்ட நாமக்கல் பக்கம் போகிறது. அதன் பின்னாலேயே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து நீளமான டிரெய்லர் ஒன்று வரும். மேலும் கீழுமாகப் புத்தம் புதுக் கார்கள், ஸ்டிக்கர் கூடப் பிரிக்காமல். கோயம்புத்தூருக்கோ கேரளாவுக்கோ போக அது வலப்பக்கம் திரும்பிவிடும்.

நாமக்கல் பட்டறையில் லாரி போய் ஓர் இடத்தில் நின்றுவிடும். ஆட்கள்தான் அதைத் தேடி வருவார்கள். ஆசாரி வந்து பலகை அடிப்பார், வெல்டர் வந்து சட்டம் கட்டுவார், அப்புறம் பெயின்டர், கடைசியில் லைட் ஒயரிங் பார்க்கிறவர். ஓனர் நடுவில் வந்து, "பின்கதவு அரையடி உசத்திக் கட்டுங்கண்ணா" என்று சொல்லலாம், கட்டித் தருவார்கள். கார் ஆலையில் இது தலைகீழ். ஆள் நின்ற இடத்தில் நிற்பார், கார் அவரைத் தேடி வரும். உலகத்தில் எந்த மூலையில் கார் ஆலை இருந்தாலும் அதன் மற்ற வழக்கங்களெல்லாம் இந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளைத்தவைதான்.

1913-ல் அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க் ஆலையில் ஹென்றி ஃபோர்டின் ஆட்கள் இதைச் செய்து பார்த்தார்கள். அதற்கு முன் ஃபோர்டின் மாடல் டி கார் ஒன்றின் சேஸிஸைப் பூட்ட ஓர் ஆளின் பன்னிரண்டரை மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. சேஸிஸை இழுத்துக்கொண்டு போய், ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்தபோது, அடுத்த ஆண்டிலேயே அது 93 நிமிடமாகிவிட்டது. யாரும் கையை வேகமாக ஆட்டியதால் வந்த மிச்சம் இல்லை இது. சாமானைத் தேடி நடப்பது, கருவியை மாற்றுவது, "அடுத்து என்ன?" என்று யோசிப்பது எல்லாம் நின்றுபோனதால் வந்தது.

கணக்கு எளிது. இரண்டு ஷிப்டு, பதினாறு மணி நேரம், நாளுக்கு 960 கார் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நிமிடத்துக்கு ஒரு கார் வெளியே வர வேண்டும். ஒரு கார் முழுதாக ஆக ஒரு நாளுக்கு மேலேகூடப் பிடிக்கலாம், அது வேறு விஷயம். லைனில், அதாவது கார் நகர்ந்து வரும் பாதையில், நிற்கிற ஒவ்வொருவருக்கும் கிடைப்பது அந்த 60 வினாடிதான். 50 வினாடி வேலை என்றால் மூச்சு விட நேரம் இருக்கும். 70 வினாடி வேலையாக இருந்தால் அதை இரண்டாகப் பிரித்து இரண்டு பேருக்குக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஓர் ஆளுக்காக மொத்த லைனும் நிற்கும். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி தாமதமானால் வரிசை முழுக்க வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்குமே, அதே கதை.

உள்ளே நாலு கட்டம். முதலில் பிரஸ் ஷாப். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய இரும்புத் தகட்டுச் சுருளைப் பிரித்து, வெட்டி, ராட்சத அச்சில் அழுத்திக் கதவாகவும் கூரையாகவும் ஆக்குவார்கள். அந்த இரும்பு உருகும்போது சுமார் 1,600 டிகிரிச் சூடு. அதைத் தாங்கும் உலையின் உள்பூச்சுச் செங்கல்லுக்கு மக்னீசியா வேண்டும். அதைத் தருகிற மேக்னசைட் கல்லைத்தான் சேலத்தில் ஏற்காட்டு மலை அடிவாரத்து வெள்ளைக் கரடுகளில் நூறு வருஷத்துக்கு மேலாகத் தோண்டியிருக்கிறார்கள். நம் ஊரில் கார் ஆலை இல்லைதான். ஆனால் காரின் பூர்வகதையில் நம் கல்லுக்கும் ஓர் இடம் உண்டு.

இரண்டாவது பாடி ஷாப். ரோபோ கைகள் தகடுகளைக் கவ்வி, பொட்டுப் பொட்டாகப் பற்றவைக்கும். ஒரு கார் உடம்பில் இப்படிச் சில ஆயிரம் பொட்டுகள். அப்புறம் பெயின்ட் ஷாப். உடம்பை முழுசாகத் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். பெயின்ட் துகள் மின்னூட்டத்தோடு மிதப்பதால், பிரஷ் நுழையாத சந்துபொந்தெல்லாம் தானே போய் ஒட்டிக்கொள்ளும். துரு பிடிக்காமல் காப்பது இந்த அடிப்பூச்சு. வெளியே பளபளக்கும் நிறம் அதற்கும் மேல் வருகிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கதவு விஷயம். பாடி ஷாப்பிலேயே கதவைப் பூட்டிவிடுகிறார்கள். உடம்பும் கதவும் ஒரே தொட்டியில் மூழ்கி, ஒரே நிறத்தில் வர வேண்டுமே. பெயின்ட் முடிந்து நாலாவது கட்டமான அசெம்பிளிக்கு வந்ததும், அதே கதவை மறுபடி கழற்றிவிடுவார்கள். கதவு இருந்தால் டேஷ்போர்டையும் சீட்டையும் உள்ளே கொண்டுபோக முடியாது, புதுப் பெயின்டிலும் கீறல் விழும். கழற்றிய கதவு வேறு பாதையில் தனியாகப் போய்க் கண்ணாடி, லாக், ஸ்பீக்கர் எல்லாம் மாட்டிக்கொண்டு வரும். லைனின் கடைசியில் தன் சொந்த உடம்போடு போய்ச் சேரும். பக்கத்துக் காரின் கதவு வந்தால் ஆகாது. ஒரே சிவப்பாக இருந்தாலும் ஆகாது.

ஆக, லைனுக்கு உயிர் வேகத்தில் இல்லை, வரிசையில்தான் இருக்கிறது. பெயின்டில் ஒரு தூசி ஒட்டினால் அந்த உடம்பைச் சரிசெய்யத் தனியே ஒதுக்குவார்கள், வரிசை கலைந்துவிடும். அதனால் பெயின்ட் ஷாப்புக்கும் அசெம்பிளிக்கும் நடுவில் ஒரு கிடங்கு. உடம்புகள் அங்கே அடுக்கப்பட்டு மறுபடி வரிசை பிடிக்கும். வரிசை உறுதியானதும் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சீட் கம்பெனிக்குத் தகவல் போகும்: அடுத்து கறுப்பு லெதர், அதற்கடுத்து சாம்பல் துணி, மறுபடி சாம்பல். அவர்கள் அதே வரிசையில் சீட்டைச் செய்து, லாரியில் தலைகீழ் வரிசையில் ஏற்றுவார்கள். முதலில் வேண்டியது முதலில் இறங்க வேண்டுமல்லவா! சீட் கம்பெனி ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பது இதனால்தான். இருங்காட்டுக்கோட்டையையும் ஒரகடத்தையும் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் மொய்த்துக் கிடப்பதற்கும் இதுவே பெரிய காரணம்.

சரி, ஒரு கம்பெனி ஏன் ஊர் ஊராக ஆலை கட்டுகிறது? தென்கொரியாவின் உல்சானில் ஹூண்டாய் 1968-ல் தொடங்கிய இடம் இன்று ஐந்து ஆலைகளும் சொந்தத் துறைமுகமுமாக ஆண்டுக்குப் பதினாலு லட்சம் கார் வரை செய்யக்கூடியது. எல்லாவற்றையும் அங்கேயே செய்து கப்பலில் ஏற்றிவிடலாமே? சிக்கல் என்னவென்றால், காருக்குள் பெரும்பகுதி காற்றுதான். அந்தக் காற்றுக்கும் சேர்த்துக் கப்பல் கூலி கொடுக்க வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ் அப்படி இல்லை. கெட்டியானவை, பெட்டியில் அடங்குபவை. ஆகவே கெட்டியானதைக் கடல் தாண்டி அனுப்பு, காற்று பிடிக்கும் தகட்டு உடம்பை விற்கிற ஊரிலேயே அடி என்பது பழைய வியாபாரப் புத்தி.

பிரித்த சாமானாகக் கொண்டுவந்து இங்கே பூட்டுவதும் நமக்குப் புதிதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் இதைத் தொடங்கிவிட்டது. இந்த வழியில் போகும் மொட்டைச் சேஸிஸுக்கும் அப்படி ஒரு பூர்வீகம் உண்டு. ஓசூரில் அதைச் செய்யும் அசோக் லேலண்டின் முன்னோடியான அசோக் மோட்டார்ஸ் 1948-ல் தொடங்கி எண்ணூரில் பூட்டியது லாரியை இல்லை, இங்கிலாந்திலிருந்து பிரித்து வந்த ஆஸ்டின் ஏ40 கார்களை.

ஊர் ஊராக ஆலை கட்டக் கப்பல் கூலியைவிடப் பெரிய காரணம் வரி. இந்தியா முழுதாக வந்திறங்கும் காருக்குப் பல ஆண்டுகள் 60 முதல் 100 சதவீதம் வரை சுங்கம் போட்டது. பிரித்து வந்த சாமானுக்கு அதில் சிறு பங்குதான். வரிச் சுவர் எந்த நாட்டில் உயரமோ, அந்தச் சுவருக்கு உள்ளே போய் ஆலை கட்டுவார்கள். ஹூண்டாயின் ஐ20 கார் நல்ல உதாரணம். ஐரோப்பாவுக்கான ஐ20-கள் முதலில் நம் சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்துதான் கப்பலேறின. 2010-ல் அந்த வேலை துருக்கியின் இஸ்மித் ஆலையில் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு துருக்கிக்குச் சுங்க உடன்பாடு இருக்கிறது, தூரமும் கம்மி. அப்படியானால் இருங்காட்டுக்கோட்டைக்கு நஷ்டமா? அது வேறு மாடல், வேறு நாடு என்று திரும்பிக்கொண்டது. உலகம் முழுக்க ஆலை வைத்திருப்பவர்களுக்கு இப்படி இடம் மாற்றி ஆடுவதுதான் சௌகரியமே.

எந்தக் கார் எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க சேஸிஸ் நம்பர் போதும். பழைய கார் வாங்கும்போது கன்சல்டிங்காரர் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பாரே, அதேதான். மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வராது, ஒன்றோடும் சுழியோடும் குழம்பிவிடும் என்பதால். முதல் எழுத்து பிறந்த மண்ணைக் காட்டும். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் 'எம்ஏஎல்' என்று தொடங்கும், கொரியாவில் செய்தது 'கேஎம்எச்' என்று, இஸ்மித்தில் செய்தது 'என்எல்எச்' என்று.

போன வாரம் அந்த டீக்கடையில் நின்ற டிரெய்லரில், கீழ்த்தட்டு வெள்ளைக் காரின் கண்ணாடிக்குள் அந்த நம்பர் தெரிந்தது. எம், ஏ, எல். மீதியைப் படிப்பதற்குள் டிரைவர் டீக் கிளாஸை வைத்துவிட்டுக் கிளப்பிவிட்டார்.