பார்வையாளருக்குப் புரிய வேண்டும், பாத்திரத்துக்குப் புரியக் கூடாது

மேடையில் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனால் அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு பேர் சொல்வதும் விளங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு எந்த இடத்தில் தடம் புரண்டது என்பதே பிடிபடாது. இதைச் சமாளிக்க நாடகத்தில் இரண்டு வழிகள் நன்றாக வேலை செய்கின்றன.

முதல் வழி, எல்லோரையும் ஒரே மொழியில் பேச வைப்பது. பிரையன் ஃப்ரியல் எழுதிய 'டிரான்ஸ்லேஷன்ஸ்' 1980இல் டெர்ரி நகரில் முதன்முதலாக மேடையேறியது. கதை நடப்பது 1833இல், அயர்லாந்தின் டொனிகால் பகுதியில். ஊர்மக்கள் பேசுவது ஐரிஷ். நிலம் அளக்க வந்த படையினர் பேசுவது ஆங்கிலம். நடிகர்கள் வாயில் வருவதோ பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே. இந்த ஏற்பாட்டை யாரும் அறிவிப்பதில்லை. படையினரின் கேப்டன் வந்ததும் சின்னக் குழந்தைகளிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார். ஊர்ப் பெரியவர் லத்தீனில் ஏதோ கேட்க, கேப்டன் தனக்கு ஐரிஷ் தெரியாது என்று பதில் சொல்கிறார். காதில் விழுவது ஆங்கிலம் என்றாலும் இவர்கள் பேசுவது வேறு வேறு மொழி என்ற விதியை அந்த ஒரு பதிலிலேயே அரங்கம் கற்றுக்கொண்டுவிடுகிறது.

அடுத்து நடப்பதுதான் இந்த முறையின் பெரிய பலம். கேப்டன் அரசாங்க நடையில் நீட்டி முழக்குவதை, நடுவில் நின்று மொழிபெயர்க்கும் ஓவன், நாட்டுக்குப் புது வரைபடம் போடுகிறார்கள் என்ற அளவுக்குச் சுருக்கிவிடுகிறான். இரண்டும் ஒரே மொழியில் காதில் விழுவதால், எது விடுபட்டது, எது மழுப்பப்பட்டது என்று பார்வையாளரே எடைபோட முடிகிறது. உண்மையான இரு மொழிகளில் நடித்தால் இந்த இழப்பு பலர் காதுக்கு எட்டாது.

இதில் கெடுவது பெரும்பாலும் நடிப்பு. சாதாரண உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லி நொடிதான். பார்த்த பொருளின் பெயரைச் சொல்லவே 600 மில்லி நொடி பிடிக்கும். அப்படியானால் எதிராளி பேசும்போதே நாம் பதிலைத் தயார்செய்துகொள்கிறோம். புரிந்தால்தான் அது நடக்கும். வசனம் மனப்பாடமான நடிகரும் அதே வேகத்தில் பதில் சொல்வார், சரியான சொல்லுக்குத் தலையாட்டுவார். உடனே பாத்திரத்துக்கு மொழி தெரியும் என்று அரங்கம் உணர்ந்துவிடும். இதைத் தவிர்க்க, சில ஒத்திகைகளில் எதிராளி தன் வசனத்தை அர்த்தமில்லாத ஒலிகளில் சொல்லட்டும். கேட்பவர் குரல் நின்றது உறுதியான பிறகே வாய்திறக்க வேண்டும். கண் வாயிலும் கையிலும் அலைய வேண்டும். ஆள்பெயர், ஊர்ப்பெயர் இரண்டுக்கு மட்டும் முகத்தில் மாற்றம் வரலாம். அவற்றைப் பிரதியில் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வழி சர்டைட்டில், அதாவது மேடைக்கு மேலே பலகையில் ஓடும் மொழிபெயர்ப்பு. 1983இல் டொராண்டோவில் 'எலெக்ட்ரா' ஓபராவுக்கு இதைப் பயன்படுத்திய பிறகுதான் உலகெங்கும் பரவியது. இதன் எதிரி கண்ணின் அமைப்பு. கூர்மையாகத் தெரிவது பார்வையின் நடுவில் சுமார் 2 டிகிரி மட்டுமே. 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அது மேடையில் 70 சென்டிமீட்டர். நடிகர் முகத்துக்கு 5 மீட்டர் மேலே பலகை இருந்தால் கண் 14 டிகிரி ஏற வேண்டும். எழுத்தைப் படிக்கும் நேரம் முழுவதும் முகம் மங்கல்தான். ஆகவே இரண்டு வரிக்கு மேல் போடக் கூடாது. பேசுவதெல்லாம் எழுத்தாக வேண்டியதில்லை. சுருக்கத் தெரிந்தவரே இதற்கு ஏற்றவர்.

அதைவிடக் கடினம் சொல்வரிசை. தமிழில் மறுப்பு பெரும்பாலும் கடைசியில் வரும். "அவனை நான் என்றைக்கும் மன்னிக்க..." என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, "மாட்டேன்" என்று முடிக்கிறார் நடிகர். காட்சியின் உயிரே அந்த மூச்சில் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் மறுப்பு மூன்றாம் சொல்லாகவே வந்துவிடும். அதை முழுதாகப் பலகையில் போட்டால், நடிகர் "மன்னிக்க" என்பதை எட்டுமுன் அரங்குக்கு விடை தெரிந்துபோகும். வாக்கியத்தை இரண்டாக உடைக்க வேண்டும்: 'அவனை மன்னிப்பதா, நானா?' என்ற பொருளில் ஒன்று, 'ஒருபோதும் முடியாது' என்று இன்னொன்று. இரண்டாவது, "மாட்டேன்" ஒலிக்கும் கணத்தில் விழ வேண்டும். நகைச்சுவைக்கும் இதே கதிதான். எழுத்து முந்தினால் சிரிப்பு முந்தி, நடிகரின் கடைசிச் சொல் அதில் மூழ்கிவிடும். ஒவ்வொரு நாளும் நடிகர் விடும் மூச்சின் நீளம் மாறும் என்பதால், பிரதியைப் பார்த்தபடி ஓர் ஆள் கையால் பொத்தானை அழுத்துவதே நம்பகமான வழி. அவர் கடைசி ஒத்திகைகளில் எல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சில காட்சிகளில் பார்வையாளரும் மொழி தெரியாதவரோடு சேர்ந்து தவிக்க வேண்டும். அங்கே பலகையை இருட்டாக விடலாம். ஆனால் உரையாடலின் நடுவில் திடீரென அணைத்தால் கருவி பழுதாகிவிட்டது என்று எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காட்சி தொடங்கும்போதே, விளக்கு மாறும் அதே நொடியில் அணைத்துவிட வேண்டும்.