துருவுக்கு அடியில் தங்கிவிடும் உப்பு

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், ஆண்டுதோறும் பெயிண்ட் அடித்தும் மாடிக் கைப்பிடிக் கம்பிகள் ஒவ்வொரு பனிக்காலத்திலும் கொப்புளித்து உரிகின்றன என்று சென்ற ஆண்டு என்னை அழைத்தார். சேலத்தில் இருபது ஆண்டுகளாக இரும்பு அரிப்பைத் தடுக்கும் பணியில் இருப்பதால், பெயிண்டின் தரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் துருவை எதனால் நீக்கினார்கள் என்று கேட்டேன். குளியலறை கழுவும் ஆசிட்டால் என்றார். அந்த அமிலம் துருவைக் கரைத்தாலும், தன்னிடமுள்ள குளோரைடு உப்பை இரும்பின் நுண்குழிகளில் விட்டுச் செல்கிறது. அதன்மேல் எத்தனை பூச்சு பூசினாலும் அடியில் அரிப்பு தொடரும்.

இதை விளக்க நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நிற்கும் 'கிரேட் பிரிட்டன்' என்ற இரும்புக் கப்பலை. ஓதத்தால் ஏவன் ஆறு ஏறி இறங்கினாலும் கப்பல்கள் தரைதட்டாமல் மிதக்கும்படி, மதகுகளால் நீரைத் தேக்கி 1809-இல் திறந்த துறைமுகம் அங்கே உண்டு. அதன் கரையிலுள்ள உலர்துறையில், அதாவது நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பல் வேலை செய்யும் கல்தொட்டியில், புரூனல் என்ற பொறியாளர் வடிவமைத்த இக்கப்பல் கட்டப்பட்டு, 1843 ஜூலை 19 அன்று வெளியே மிதந்தது. பல்லாண்டு கடலோடி, 1937-இல் ஃபாக்லாந்து தீவுகளில் கைவிடப்பட்டு, 1970-இல் அதே ஜூலை 19 அன்று அதே உலர்துறைக்குத் திரும்பியது. கடலைவிட்டு வந்த பிறகும் அதன் அடிப்பாகம் கரைந்துகொண்டே இருந்தது. இரும்புக்குள் ஊறியிருந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்ததே காரணம். ஆகவே நீர்க்கோட்டு மட்டத்தில் கண்ணாடித் தளம் அமைத்து, அதன்கீழ் உள்ள காற்றை இயந்திரங்களால் உலர்த்தி, ஈரப்பதத்தை ஏறத்தாழ 20 சதவீதத்தில் வைத்திருக்கிறார்கள். மூடுபனி இறங்கும் ஏற்காட்டில் ஈரப்பதம் நூறை நெருங்கும் என்பதை நினைத்தால், ஆசிட் பட்ட கம்பியின் நிலை புரியும்.

லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில், கிரீனிச்சின் உலர்துறையில் 1954 முதல் நிற்கும் 'கட்டி சார்க்' இன்னொரு பாடத்தைத் தருகிறது. 1869-இல் கட்டிய இந்தத் தேயிலைக் கப்பலுக்கு எலும்புக்கூடு இரும்பு, மேற்போர்வை மரப்பலகை, அதற்கும் வெளியே செம்பும் துத்தநாகமும் கலந்த தகடு. கடற்பாசியும் மரம் துளைக்கும் புழுவும் அண்டாமல் இருக்கவே அந்தத் தகடு. உப்புநீரில் செம்புக்கலவை இரும்பைத் தொட்டால் இரும்புதான் அழியும் என்பதால், இடையிலிருந்த மரம் இரண்டையும் பிரித்துவைத்தது. ஆனால் பலகைகளை இரும்புடன் பிணைத்த செம்புக்கலவை ஆணிகள் அந்தத் தடையைக் கடந்து சென்றன. நம் வீடுகளிலும் ஜி.ஐ. குழாயில் பித்தளை வால்வு சேரும் இடம், மரை வெட்டும்போது துத்தநாகப் பூச்சையும் இழந்துவிடுவதால், முதலில் கசிவதைப் பார்க்கலாம்.

சேலத்தில் எனக்கு மிகுந்த கவலை தருவது மாடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டுதான். அதன் கால்கள் சிமெண்டில் புதையும் இடத்தில் தொட்டி வழியும் நீர் தேங்கும். மேலே பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து ஏமாறாமல், சிறு சுத்தியலால் அந்த அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டிய இடத்தில் மந்தமாக ஒலித்தாலோ, செதில் உதிர்ந்தாலோ, பெயிண்டரை அழைக்கும் முன் தொட்டியைக் காலிசெய்து வெல்டரை அழைக்க வேண்டும்.

துருவை ஆசிட் இல்லாமல் கம்பித் தூரிகையாலோ கிரைண்டராலோ உலோகம் மின்னும்வரை சுரண்டி, உப்பேறிய போர்த் தண்ணீரைத் தவிர்த்துக் காவிரித் தண்ணீரால் பலமுறை கழுவி, நன்கு உலர்ந்தபின் அன்று மாலைக்குள் பிரைமர் பூசுவதே சரியான முறை. மலையில் இதை மாசி, பங்குனி மாதங்களின் உச்சிப்பொழுதில் செய்வது நல்லது.

அந்த ஏற்காடு விடுதியில் கைப்பிடிக் கம்பிகளின் இரண்டு கால்களை வெட்டி மாற்ற வேண்டியிருந்தது. மற்றவற்றைச் சுரண்டிக் கழுவிப் பூசியிருக்கிறோம். மார்கழிப் பனி முடிந்ததும் ஒவ்வொரு கம்பிக் காலையும் தட்டிப் பார்க்கச் செல்கிறேன்.