டிரைவர்: ஓட்டுநரா, இயக்கியா?

சேலத்தில் லினக்ஸ் இயங்குதளம் சொல்லித்தரும் ஒரு பயிற்சி நிலையத்தின் கையேட்டில், கணினி டிரைவருக்கு மறுபடியும் அதே சொல்: 'வன்பொருளின் ஓட்டுநரைக் கண்டறிதல்'. அதுவும் பாதி இடங்களில் றன்னகரம் போட்டு 'ஓட்டுனர்'. ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்தைத் திருப்பி ஏற்றுகிறாரே, அவர்தான் ஓட்டுநர்.

டிரைவ் என்ற ஆங்கில வினைக்கு விரட்டுதல், ஓட்டுதல் என்று பொருள். ஆடுமாடு ஓட்டியவர், வண்டி ஓட்டியவர் எல்லோரும் டிரைவர். கணினியில் அது, இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் இடையில் நின்று அந்த வன்பொருளை வேலை செய்யவைக்கும் நிரல்.

விகுதியைப் பார்த்தாலே தெளிவு கிடைத்துவிடும். ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர்: 'நர்' ஆளுக்கு உரியது. கருவிக்கு 'இ' இருக்கிறது: மண்வெட்டி, குளிரூட்டி. சினத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்று வள்ளுவர் சொன்னதும் இதே விகுதியால்தான். ஆகவே இயக்கி. தெற்கே இயக்கி என்பது அம்மன் பெயர் அல்லவா என்பார்கள். கோயிலில் சொன்னால் அம்மன், கணினியில் சொன்னால் நிரல். இதில் யாருக்கும் குழப்பம் வராது.

உண்மையான குழப்பத்தைக் கையேடுதான் உண்டாக்குகிறது. கட்டளைகளை அடிக்கும் முனையத்தில் 'எல்எஸ்பிசிஐ -கே' என்று அடித்தால் கணினியிலுள்ள கார்டுகளின் பட்டியல் வரும். ஒவ்வொரு கார்டுக்கும் கீழே பொதுவாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு வரிகள். கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்பது இப்போது அந்தக் கார்டை இயக்கிக்கொண்டிருப்பது. 'கெர்னல் மாட்யூல்ஸ்' என்பது அதை இயக்கத் தகுதியுள்ளவை என்று கணினி அறிந்திருப்பவை. என்விடியா நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் கார்டு என்றால் இரண்டாம் வரியில் நூவோ என்ற திறமூல நிரல், என்விடியாவின் சொந்த நிரல் இரண்டுமே இருக்கலாம். முதல் வரியில் ஒன்றுதான் இருக்கும். முதல் வரியே வராமல் இரண்டாவது மட்டும் வந்தால், பொருத்தமான நிரல்கூறு (மாட்யூல்) இருந்தும் அது கார்டோடு இணையவில்லை என்று பொருள். பழுது பார்ப்பவருக்கு வேண்டிய முக்கியமான தடயமே அதுதான். கையேடோ இரண்டையும் 'ஓட்டுநர்' என்றே எழுதிவைத்திருக்கிறது! முதலாவதை 'பயன்பாட்டிலுள்ள இயக்கி' என்றும், இரண்டாவதை 'நிரல்கூறுகள்' என்றும் எழுதியிருந்தால் படிக்கிற பிள்ளை தானே புரிந்துகொள்ளும்.

கடைகளில் 'டிரைவர் போடணும்' என்கிறார்கள். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும், அதில் பொருள் கெடவில்லை. தமிழ்ப்படுத்துகிறேன் என்று உட்கார்பவர்கள்தான் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, அந்தக் கட்டளையை ஒருமுறைகூட அடித்துப் பார்ப்பதில்லை. இதே கையேட்டில் வட்டு டிரைவும் 'ஓட்டுநர்' ஆகியிருக்கிறது. அது வேறு பொருள். அதற்கு இயக்ககம் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.