பட்டு உள்ளாடைக்கும் பில் உண்டு

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு வந்தார். மொத்த வியாபாரம் செய்பவர். மகள் திருமணத்தை நடத்தி முடித்த களைப்பு முகத்தில், வருமான வரித் துறையின் நோட்டீஸ் கையில். நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "சார், வீடு மனைவி பெயரில், கடை மச்சான் பெயரில், கார் தம்பி பெயரில். என் பெயரில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. என்னை என்ன செய்துவிட முடியும்?"

ஆடிட்டர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காத ஆண்டு எனக்கு இல்லை. முன்பெல்லாம் சட்டப் பிரிவுகளை எடுத்துச் சொல்வேன். எதிரில் இருப்பவர் கொட்டாவி விடுவார். இப்போது சிகாகோ கும்பல் தலைவன் அல் கபோனின் கதையைச் சொல்கிறேன். இதுவரை யாரும் கொட்டாவி விட்டதில்லை.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. சிகாகோவில் கள்ளச் சாராயமும் சூதாட்டமும் விபச்சாரமும் நடத்திய கும்பலுக்கு ஜானி டோரியோ தலைவர். 1925 ஜனவரியில் குண்டடி பட்டுப் பிழைத்ததும் அவர் ஒதுங்கிக்கொண்டார். தொழில் கபோன் கைக்கு வந்தது. அப்போது கபோனுக்கு 26 வயது. வங்கிக் கணக்கு இல்லை. சொத்துப் பத்திரம் எதிலும் அவர் பெயர் இல்லை. ஃபுளோரிடாவில் பாம் தீவு மாளிகைகூட மனைவி பெயரில்தான் இருந்தது. என் வாடிக்கையாளர் இந்த இடத்தில் தலையாட்டினார், ஆளைப் பிடித்துவிட்டது போலிருக்கிறது.

வன்முறையிலும் இதே தள்ளியிருக்கும் கலைதான். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோ வடக்கு கிளார்க் தெருவில் ஒரு கேரேஜுக்குள் ஏழு பேரைச் சுவரோரமாக நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். சுட்டவர்களில் சிலர் போலீஸ் உடையில் வந்திருந்தார்கள். கபோன் அன்று ஃபுளோரிடாவில் இருந்தார். அந்த ஏழு கொலைகளுக்கு இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. உத்தரவு வாய்மொழியில் போகும். ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்கு, அங்கிருந்து மூன்றாமவருக்கு. துப்பாக்கி பிடித்தவனுக்கும் கபோனுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

பணத்தை அப்படி நடத்த முடியாது. திருடர்கள் ஒருவரை ஒருவர் நம்புவதில்லையே! சூதாட்டக் கடையில் இன்று எவ்வளவு வந்தது, யாருக்கு எத்தனை பங்கு, போலீசுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் எவ்வளவு போயிற்று என்பதை எழுதி வைக்காவிட்டால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனே சுருட்டிவிடுவான். ஆகவே நேர்மையான கடையைவிட அங்கேதான் கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டது. எங்கள் தொழிலிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அசல் பேரேட்டில் ஆயிரம் தவறு இருக்கும்; மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்திருக்கும் இரண்டாம் நோட்டில் ஒரு பைசா பிசகாது.

சிகாகோவை ஒட்டிய சிசரோவில் கபோன் கும்பலின் ஹாத்தோர்ன் சூதாட்டக் கடை இருந்தது. 1926-இல் அங்கு நடந்த சோதனையில் எடுத்த பேரேடுகள் ஓர் அரசு அலமாரியில் கிடந்தன. யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. 1930-இல் வருவாய்த் துறையின் ஃபிராங்க் வில்சன் கையில் அவை சிக்கின. இரண்டே ஆண்டுகளில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் லாபம். வில்சன் கையெழுத்தை ஒப்பிட்டு, எழுதிய கணக்குப்பிள்ளையைத் தேடிப் போனார். லெஸ்லி ஷம்வே என்ற அந்த மனிதர் மயாமியில் நாய்ப் பந்தய மைதானம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பயந்த சுபாவம். கபோனின் ஆட்களுக்குப் பயப்படுவதா, அரசுக்குப் பயப்படுவதா என்று திண்டாடி, கடைசியில் பாதுகாப்புத் தருவதாகச் சொன்ன அரசின் பக்கம் வந்தார். பங்காளிகள் யார் யாருக்கு எவ்வளவு போயிற்று என்று தான் எழுதிய வரிகளை நீதிமன்றத்தில் தானே வாசித்தார்.

சாராயம் விற்பதே குற்றம், அந்த வருமானத்துக்கு வரி எப்படிக் கேட்கலாம் என்ற கேள்வி வரும். என் வாடிக்கையாளரும் கேட்டார். இதன் பின்னால் ஒற்றைச் சொல்லின் கதை இருக்கிறது. 1913-ஆம் ஆண்டு அமெரிக்க வருமான வரிச் சட்டம் 'சட்டப்படியான' தொழிலிலிருந்து வரும் லாபம் என்று சொன்னது. 1916-இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். 1927-இல் தெற்கு கரோலினாவைச் சேர்ந்த சாராய வியாபாரி சல்லிவனின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கணக்குத் தாக்கல் செய்தால் நானே என் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகுமே என்பது அவர் வாதம். நீதிபதி ஹோம்ஸ் அதை ஏற்கவில்லை. குறிப்பிட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம், தாக்கலே செய்யாமல் இருக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. கபோனின் கதை அங்கேயே பாதி முடிந்துவிட்டது, அவருக்குத்தான் தெரியவில்லை.

இனி என் தொழிலுக்கு நெருக்கமான இடம். எல்லோரும் துப்பாக்கியையும் தொப்பியையும் பற்றிப் பேசுவார்கள். எனக்கு, கபோனின் வக்கீல் மேட்டிங்லி எழுதிய ஒரு கடிதம்தான் முக்கியம். 1930-இல் கபோன் அவரைக் கூட்டிக்கொண்டு வரி அதிகாரிகளைப் பார்க்கப் போனார். கணக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள், இல்லை என்றார். வங்கிக் கணக்கு உண்டா என்றார்கள், அதுவும் இல்லை. பிறகு, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் மேட்டிங்லி எழுத்தில் ஒரு மதிப்பீடு கொடுத்தார். 1926-க்கு 26,000 டாலருக்கு மிகாது, 1927-க்கு 40,000-க்கு மிகாது, 1928, 1929-க்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மிகாது. கட்சிக்காரரின் உரிமைகளைப் பாதிக்காத வகையில் என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்.

அந்த ஒரு வரி யாரையும் காப்பாற்றவில்லை. கடிதம் அப்படியே சாட்சியப் பொருளாயிற்று. வருமானமே இல்லை என்று சொல்லிவந்த மனிதருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை இருந்ததாக அவருடைய வக்கீலே எழுதிக் கொடுத்திருக்கிறார். நோட்டீஸ் வந்த பதற்றத்தில், "ஏதோ ஒரு தொகையைப் போட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள் சார், முடித்துவிடலாம்" என்று கெஞ்சுபவர்களிடம் நான் இந்தக் கடிதத்தைத்தான் சொல்வேன். நோட்டீஸ் வருவதற்கு முன் தானாக முன்வந்து கணக்கைத் திருத்துவது வேறு. வந்த பிறகு ஆதாரமில்லாமல் ஒரு தொகையை ஊகித்து எழுதுவது வேறு. பின்னதை எந்த ஆடிட்டர் செய்து கொடுத்தாலும் அவரிடமிருந்து கோப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

1931 அக்டோபரில் விசாரணை. சாட்சிக் கூண்டில் கொலையாளிகள் ஏறவில்லை. தையற்காரரும் மரச்சாமான் விற்றவரும் நகைக்கடைக்காரரும் வரிசையாக ஏறினார்கள். சட்டைகள் இத்தனை, சூட்டுகள் இத்தனை, வைரம் பதித்த பெல்ட் பக்கிள்கள் இத்தனை, ஓட்டல் பில், டெலிபோன் பில். பெரிய துணிக்கடை ஒன்றின் விற்பனையாளர், கபோனுக்கு விற்ற பட்டு உள்ளாடைகளைப் பற்றிச் சாட்சி சொன்னார், நீதிமன்றத்தில் சிரிப்பு. வருமானம் எங்கே என்று அரசு தேடிக்கொண்டிருக்கவில்லை. இவ்வளவு செலவு செய்தவனுக்கு வருமானம் இல்லாமல் இருக்குமா என்று மட்டும் கேட்டது. கொலைக்குச் சாட்சி சொல்ல ஊரே நடுங்கியது. விற்ற சட்டைக்கு விலை சொல்ல ஜவுளிக்கடைக்காரருக்கு என்ன பயம்?

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைக்கலாம் என்ற ஒரு பேரத்தை நீதிபதி வில்கர்சன் ஏற்கெனவே நிராகரித்திருந்தார். ஜூரிகளை விலைக்கு வாங்க முயற்சி நடக்கிறது என்று தெரிந்ததும் அந்த ஜூரிப் பட்டியலையே வேறு நீதிமன்றத்தின் பட்டியலோடு மாற்றிவிட்டார். 11 ஆண்டு சிறை, 50,000 டாலர் அபராதம், அதற்கு மேல் வரிப் பாக்கியும் வட்டியும். அட்லாண்டா சிறை, பிறகு அல்காட்ராஸ். 1939-இல் மேகநோய் மூளையைத் தின்ற நிலையில் வெளியே வந்தார், 1947-இல் இறந்தார்.

மற்ற தலைவர்கள் பாடம் படித்தார்களா? அரைகுறையாக. 1931-க்குப் பிறகு லக்கி லூச்சியானோ முதலானவர்கள் 'கமிஷன்' என்று ஒரு பஞ்சாயத்து அமைத்தார்கள். முக்கியமான கொலைக்கு அதன் சம்மதம் வேண்டும். இதில் கருணை எதுவும் இல்லை. பிணம் விழுந்தால் போலீஸ் வரும், வியாபாரம் படுத்துவிடும். நியூயார்க்கின் டச்சு ஷுல்ட்ஸ் மீது வரி ஏய்ப்பு வழக்குகள் நடந்தன, இரண்டு முறை தப்பினார். தன்னைத் துரத்திய அரசு வழக்கறிஞர் டூயியைக் கொல்ல வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கமிஷன் மறுத்தது. கேட்கமாட்டார் போலிருந்ததால் 1935 அக்டோபரில் நியூவார்க்கின் ஓர் உணவகத்தில் அவரையே சுட்டார்கள். கூட இறந்தவர்களில் ஓட்டோ பெர்மன் என்பவர் அவருடைய கணக்கர். அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் நான் என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வது வழக்கம்.

சிகாகோவின் டோனி அக்கார்டோ இன்னொரு வழியில் போனார். பீர் விற்பனைப் பிரதிநிதி என்று சொல்லி ஒழுங்காகத் தாக்கல் செய்தார். தன் சிவப்பு மெர்சிடிஸ் காரின் செலவைத் தொழில் செலவாகக் கழித்ததில்தான் 1960-இல் மாட்டினார். மேல்முறையீட்டில் தண்டனை ரத்தாயிற்று. சொந்தக் காரின் பெட்ரோலைக் கடைக் கணக்கில் எழுதும் நம்மூர் நண்பர்கள் இதைக் கேட்டு மட்டும் சிரிப்பதில்லை.

ஃபிராங்க் காஸ்டெல்லோ எல்லோரையும்விட நாகரிகமானவர். 1951-இல் செனட் விசாரணையில், இந்த நாட்டுக்கு நல்ல குடிமகனாக என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "வரி கட்டியிருக்கிறேன்" என்றார். 1954-இல் வரி ஏய்ப்புக்கே தண்டனை பெற்றார். அரசுத் தரப்பில் 144 சாட்சிகள், 368 சாட்சியப் பொருள்கள். மறுபடியும் செலவுக் கணக்குதான். மேல்முறையீட்டில் ஜாமீனில் இருந்தபோது, 1957 மே மாதம் அவரைச் சுட்டார்கள். தலையை உரசிக்கொண்டு போன குண்டில் பிழைத்தார். மருத்துவமனையில் இருக்கையில் போலீசார் அவர் சட்டைப் பையைப் பார்த்தார்கள். ஒரு துண்டுச் சீட்டு, அதில் 6,51,284 டாலர் என்று ஒரு தொகை. லாஸ் வேகாஸில் அப்போதுதான் திறந்திருந்த டிராபிகானா சூதாட்ட விடுதியின் மொத்த வரவோடு அது பொருந்தியது. அந்த விடுதியின் உரிமத்தில் காஸ்டெல்லோ பெயர் எங்கும் கிடையாது.

"அதெல்லாம் அமெரிக்கா சார்" என்றார் என் வாடிக்கையாளர்.

அவருக்கு பியாரா சிங் வழக்கைச் சொன்னேன். 1958-இல் பாகிஸ்தான் எல்லையைக் கடக்கும்போது 65,500 ரூபாயுடன் பிடிபட்டவர், தங்கம் கடத்துபவர். கடத்தல் வருமானத்துக்கு வரி போட்டார்கள். அவர் சளைக்கவில்லை, பறிமுதலான பணம் என் தொழிலில் ஏற்பட்ட நஷ்டம், அதைக் கழித்துக் கொடுங்கள் என்று கேட்டார். 1980-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இங்கும் வருமானம் எந்த வழியில் வந்தாலும் வருமானமே. ஆனால் குற்றத்துக்காகச் செய்யும் செலவைக் கழிக்க முடியாது என்று 1998-இல் சட்டத்தில் விளக்கம் சேர்த்துவிட்டார்கள். செய்த செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாவிட்டால் அந்தச் செலவையே வருமானமாகச் சேர்க்கவும் நம் சட்டத்தில் இடம் இருக்கிறது. மனைவி பெயரில் சொத்து வாங்குவதைப் பினாமிச் சட்டம் தடுக்கவில்லை. கணக்கில் காட்டிய பணத்தில் வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மச்சானுக்கு அந்தச் சலுகை கிடையாது. சிக்கினால் பணம் போட்டவரோடு பெயர் கொடுத்த மச்சானும் கூண்டில் நிற்பார்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மச்சானுக்கு இது எதுவும் தெரியாது சார், கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டான்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு துணிப்பை நிறையக் காகிதங்களோடு வந்தார். மண்டப ரசீது, சமையல்காரர் சீட்டு, பந்தல், நாதஸ்வரம், வீடியோ. நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதி, 'பாக்கி ரொக்கம்' என்று போட்டவைதான் அதிகம். என் உதவியாளர் ஒவ்வொன்றாக வாசிக்க நான் கணினியில் ஏற்றினேன். மாலை ஏழு மணிக்கு, அவர் காட்டியிருந்த ஓராண்டு வருமானத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. நகைக்கடை பில் இன்னும் வரவில்லை.